கலங்கல் மேல் வைத்த மூட்டைகள்

திண்டிவனத்தில் ரயில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்துவிட்டால், விழுப்புரம் வரும்வரை நான் யாருக்கும் கிடைக்க மாட்டேன். பக்கத்து சீட்டுக்காரி மருமகளைப் பற்றிச் சொல்லிக்கொண்டே வருவாள். நானும் தலையை ஆட்டிக்கொண்டே வருவேன். மயிலம், பேரணி, விக்கிரவாண்டி, முண்டியம்பாக்கம் என்று ஸ்டேஷன்கள் ஒவ்வொன்றாகப் பின்னால் போகும். எந்த ஸ்டேஷனில் மருமகள் கோபித்துக்கொண்டு அம்மா வீட்டுக்குப் போனாள், எந்த ஸ்டேஷனில் திரும்பி வந்தாள் என்று கேட்டால் எனக்குத் தெரியாது. ஐப்பசி மாதத்தில் தண்டவாளத்தின் இரண்டு பக்கமும் தண்ணீர் நிற்கும். வானம் இறங்கி வந்து வயலில் படுத்துக் கிடக்கும். பார்த்துக்கொண்டே இருந்தால், போவது ரயிலா நானா என்று ஒரு மயக்கம் வரும். கல்யாணமாகி இத்தனை வருஷத்துக்குப் பிறகும் என் வீட்டுக்காரர் எதையும் என்னிடம் இரண்டு தடவை சொல்வார். முதல் தடவை என்னைக் கூப்பிடுவதற்கு, இரண்டாவது தடவைதான் விஷயம்.

இந்தச் சுபாவத்தை வைத்துக்கொண்டு இருபது வருஷத்துக்கு மேல் அரசு வேலை பார்த்துவிட்டேன். விழுப்புரத்தில் ஒரு அலுவலகம். ஏரிகளும் மதகுகளும் வாய்க்கால்களும் எங்கள் பொறுப்பு என்று மட்டும் சொல்லிவைக்கிறேன், பெயர் வேண்டாம். தட்டச்சராகச் சேர்ந்தேன். வேகம் அதிகம், பிழை குறைவு என்று எனக்கு நல்ல பெயர் உண்டு. அடிப்பதை நான் படிக்க மாட்டேன், அதுதான் ரகசியம். கண் தாளில் இருக்கும், விரல் பலகையில் இருக்கும், நான் வேறு எங்கேயாவது இருப்பேன். படித்துக்கொண்டே அடிப்பவர்களுக்குத்தான் கை தடுமாறும். இதை ஒரு சாமர்த்தியமாக நினைத்துப் பலரிடம் பீற்றிக்கொண்டும் இருக்கிறேன்.

எங்கள் ஊர் திண்டிவனத்திலிருந்து பஸ்ஸில் அரை மணி தூரம். ஊருக்கு மேற்கே ஏரி. ஏரிக்குக் கீழே எங்கள் நிலம், கொஞ்சம் நெல், மிச்சம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை. ஏரிக்கரையின் அடியிலேயே, மதகுக்குப் பக்கத்தில், ஒரு தெரு இருக்கிறது. கரையில் ஏதாவது ஆனால் தண்ணீர் முதலில் அந்தத் தெருவுக்குத்தான் வரும். அந்தத் தெருவின் கடைசி வீட்டில்தான் எங்கள் ஏரி லஸ்கர் குடியிருந்தார்.

லஸ்கர் என்ற பெயர் எங்கிருந்து வந்ததோ, ஏரிக்கு அரசாங்கம் வைத்திருக்கும் ஆளுக்கு எங்கள் பக்கம் அதுதான் பெயர். மதகைத் திறக்க வேண்டும், மூட வேண்டும். கரை மேல் நடந்து எலி வளை, நண்டு வளை பார்த்து மண் போட்டு மிதிக்க வேண்டும். மழைக்காலத்தில் தண்ணீர் எத்தனை அடி என்று அலுவலகத்துக்குச் சொல்ல வேண்டும். எங்கள் லஸ்கர் ஒல்லியான ஆள். காக்கி அரைக்கால்சட்டை, தலையில் துண்டு. கரை மேல் போகும்போது குதிகாலால் தரையைத் தட்டித் தட்டிப் போவார். சத்தத்தை வைத்தே உள்ளே பொந்து இருக்கிறதா என்று அவருக்குத் தெரியும். காலையில் நான் பஸ்ஸுக்கு நிற்கும்போது பார்ப்பேன். பனிக்குள்ளே கரை தெரியாது, தண்ணீர் தெரியாது, அவர் மட்டும் ஆகாயத்தில் தாளம் போட்டுக்கொண்டு போவார்.

மூட்டை விஷயத்தைச் சொல்ல வேண்டும். ஏரி நிரம்பினால் மிச்சத் தண்ணீர் வழிந்து ஓடுவதற்காகக் கரையின் ஒரு கடைசியில் தாழ்வாகக் கல்லால் கட்டியிருப்பார்கள். அதற்குக் கலங்கல் என்று பெயர். கலங்கல் மேல் மணல் மூட்டைகளை வரிசையாக வைத்துவிட்டால், வழிந்து போகிற தண்ணீரும் ஏரியிலேயே நிற்கும். பங்குனியில் இன்னும் இரண்டு பாய்ச்சல் பாய்ச்சலாம், மல்லாட்டை நன்றாக விளையும். ஆகவே ஐப்பசியில் ஏரி நிரம்பும் சமயம் பார்த்து, எங்கள் ஊர் ஆண்கள் ஒரு சாயங்காலம் யூரியா சாக்குகளில் மணலை வாரிக் கட்டித் தூக்கிக்கொண்டு கலங்கலுக்குப் போவார்கள். என் வீட்டுக்காரர்தான் முதல் ஆள். பெருமழை வந்தால் இதனால் கரையே போய்விடும் என்று அவர்கள் எல்லோருக்கும் தெரியும். தெரிந்தேதான் வைத்தார்கள். ஏனென்றால் காலையில் லஸ்கர் வந்து எடுத்துவிடுவார்.

எத்தனை காலமாக இப்படி நடந்து வந்ததோ. இவர்கள் வைப்பார்கள், அவர் எடுப்பார். வானம் தெளிவாக இருந்தால் இரண்டு மூன்று நாள் அவரும் கண்டும் காணாமல் விட்டுவைப்பார். மேகம் கறுத்தால் ஒன்றுகூட இருக்காது. மூட்டையை அவிழ்த்து, மணலைக் கரையில் பள்ளமான இடத்தில் கொட்டிவிட்டு, சாக்கை உதறி மடித்து அவரவர் வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போவார். யார் சாக்கு எது என்று கட்டியிருக்கும் கயிற்றைப் பார்த்தே கண்டுபிடித்துவிடுவார். என் வீட்டுக்காரர் வாசலுக்கு வந்து ஒரு குதி குதிப்பார்.

“யோவ் லஸ்கரு, நாங்க இடுப்பு ஒடிய தூக்கிக்கினு போய் வெச்சா, நீ நோகாம அவுத்துக்கினு வர்றியா? ஏரி இன்னா உங்கப்பன் வூட்டு ஏரியா?”

“எங்கப்பன் வூட்டு ஏரியா இருந்தா நானும் நாலு மூட்ட வெச்சிருப்பேன்பா” என்பார் லஸ்கர்.

ஒரு நாள் நான் வேலைக்குக் கிளம்பிய அவசரத்தில் அவரை நிறுத்திக் கேட்டேன். “எதுக்குண்ணா வருஷா வருஷம் இந்தப் பேஜாரு? வைக்கக் கூடாதுன்னு ஆபீசுல எழுதிக் குடுத்தா போலீசே வந்து நிறுத்தும் இல்ல?”

“போலீசு வந்தா மட்டும் வைக்காம இருப்பாங்களாம்மா? வெயில்ல காஞ்சிக்கினு கெடந்த ஜனம். தண்ணி கண்ணுல பட்டா ஆச வரத்தான் செய்யும். அவங்க வைக்கட்டும், நான் எடுக்கறேன். ரெண்டும் நடந்தா ஏரிக்கு ஒண்ணும் ஆவாது.”

அவர் ஓய்வு பெற்ற நாளில் எங்கள் அலுவலகத்துக்கு வந்திருந்தார். மதகைத் திருகும் இரும்புக் கைப்பிடியை ஒரு கோணிப்பையில் போட்டு எடுத்து வந்திருந்தார். வேலையை விட்டுப் போகிறவர் பொறுப்பை அடுத்து வருகிறவரிடம் ஒப்படைக்க வேண்டும். அடுத்து வருகிறவர் என்று யாரும் இல்லை. எங்கள் செக்ஷனிலேயே எட்டு நாற்காலியில் ஐந்து காலி. அதிகாரிக்கு இன்னும் இரண்டு அலுவலகங்கள் கூடுதல் பொறுப்பு. காரில் உட்கார்ந்தபடியே கோப்புகளில் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். கோணிப்பையோடு லஸ்கர் மத்தியானம் வரை பெஞ்சில் இருந்தார். கடைசியில் யாரோ, “உங்க கிட்டயே இருக்கட்டும் பெரியவரே, ஆள் போட்டதும் குடுத்துடுங்க” என்றார்கள். நானும் அவரும் ஒரே ரயிலில் ஊர் திரும்பினோம். கைப்பிடியை மடியில் வைத்துக்கொண்டு அவரும் என்னைப் போலவே ஜன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டு வந்தார்.

ஆள் போடவில்லை. அந்த வருஷமும் எங்கள் ஊர்க்காரர்கள் மூட்டை வைத்தார்கள். அவரும் பழக்கத்தில் எடுத்தார். மறுபடி வைத்தார்கள், மறுபடி எடுத்தார். இந்தத் தடவை என் வீட்டுக்காரருக்கு நிஜமாகவே கோபம் வந்தது.

“நீதான் ரிடையர் ஆயிட்டியே. இன்னா உரிமையில கை வைக்கிற?”

“புது லஸ்கர் வர்ற வரைக்கும் பார்த்துக்கினு இருக்கேன்பா” என்றார் அவர். சாக்கை உதறி வாசலில் போட்டுவிட்டுப் போனார்.

அடுத்த சித்திரையில்தான் அந்தப் பட்டியல் என் மேசைக்கு வந்தது. மத்தியானம் சாப்பிட்டுவிட்டு வந்த நேரம். மின்விசிறி வேகம் இல்லாமல் சுற்றிக்கொண்டிருந்தது. விழுப்புரம் வெயிலில் வெளியே ஒரு குரல் இல்லை. ஒப்படைக்கப்படும் பணியிடங்கள் என்று தலைப்பு. ஒப்படைப்பது என்றால் எங்கள் பாஷையில் அந்த வேலையே இல்லாமல் போவது. பிறகு அதற்கு ஆள் கேட்டு யாரும் எழுத முடியாது. லஸ்கர், லஸ்கர், லஸ்கர் என்று ஏரி ஏரியாகப் போய்க்கொண்டிருந்தது. விரல் பாட்டுக்கு ஓடியது. நான் வழக்கம்போல எங்கோ இருந்தேன். திடீரென்று விரல் நின்றுவிட்டது. எங்கள் ஊர் ஏரி.

எனக்கு என்ன தோன்றியது என்பதை மறைக்காமல் சொல்ல வேண்டும். சந்தோஷமாக இருந்தது. டிவியில் சொந்த ஊரைக் காட்டினால் ஒரு குதூகலம் வருமே, அப்படி. பக்கத்து மேசைப் பெண்ணைக் கூப்பிட்டு, “இங்க பாரேன், எங்க ஊரு ஏரி வந்திருக்கு” என்றேன். அவள் எட்டிப் பார்த்து, பெரிய ஏரியா என்று கேட்டாள். நிரம்பினால் அக்கரை தெரியாது என்று சொல்லிவிட்டு அடுத்த வரிக்குப் போய்விட்டேன்.

அன்று சாயங்காலம் வீட்டில் பேச்சுவாக்கில் சொன்னேன். என் வீட்டுக்காரர் முதல் தடவையிலேயே கேட்டுக்கொண்டார். ஐப்பசியில் லஸ்கர் கலங்கலில் முதல் மூட்டையின் கயிற்றை அவிழ்த்துக்கொண்டிருந்தபோது, ஊர் ஆண்கள் எல்லோரும் நிற்க இவர் சொல்லியிருக்கிறார்:

“இனிமே லஸ்கரே கெடையாதாம்யா. போஸ்ட்டயே எடுத்துட்டாங்க. எங்க வூட்டுக்காரிதான் டைப் அடிச்சிக்கினு வந்துருக்கா.”

லஸ்கர் அவிழ்த்த கயிற்றைத் திரும்பக் கட்டினாராம். மூட்டையை இருந்த இடத்திலேயே வைத்துவிட்டு, கரை மேல் ஏறி வீட்டுக்குப் போய்விட்டாராம். இதை என் வீட்டுக்காரர் ஜெயித்த கதையாகத்தான் என்னிடம் சொன்னார். நானும் சிரித்தேன் என்று நினைக்கிறேன்.

அதற்குப் பிறகு மூட்டைகளை யாரும் எடுக்கவில்லை. எவ்வளவு அழகாக இருந்தது தெரியுமா எங்கள் ஏரி! அதற்கு முன் நான் அவ்வளவு தண்ணீர் பார்த்ததில்லை. மேல்கரைப் பக்கம் பனைமரங்கள் இடுப்பளவு நீரில் நின்றன. ஞாயிற்றுக்கிழமைகளில் சமைத்து வைத்துவிட்டுக் கரைக்குப் போய் உட்கார்ந்துவிடுவேன். காற்று இல்லாத நேரத்தில் பனைமரம் தண்ணீருக்குள் தலைகீழாக இறங்கிப் போகும். கலங்கல் மேல் மூட்டைகளில் புல் முளைத்தது. வண்டல் வந்து இடுக்குகளை அடைத்தது. அடுத்த வருஷம் அதன் மேல் இன்னொரு வரிசை வைத்தார்கள். கொக்குகள் அங்கே வந்து வரிசையாக நின்றன. எது கல், எது மூட்டை என்று தெரியாமல் போயிற்று. மல்லாட்டை அந்த வருஷம் ஊருக்கே நன்றாக இருந்தது. அந்த அழகில் நான் சொக்கிப்போய் உட்கார்ந்திருந்த அதே கரையில் எலிகள் வளை போட்டிருக்கும். தட்டிப் பார்க்க ஆள் இல்லை என்று எனக்கு ஒரு நாளும் உறைக்கவில்லை.

பிறகு அந்தக் கார்த்திகைப் புயல் வந்தது. சனிக்கிழமை காலையில் எனக்குக் கட்டுப்பாட்டு அறையில் டூட்டி. பெயர்தான் கட்டுப்பாட்டு அறை, எங்கள் செக்ஷனில் இரண்டு போனும் ஒரு பெரிய நோட்டும் வைத்த மேசை. ஒரு நாள் டூட்டி என்றுதான் போனேன். அடுத்து வர வேண்டியவர் வரவில்லை. அவருக்கு அதே நேரத்தில் இன்னொரு இடத்திலும் டூட்டி போட்டிருந்தார்கள். அதற்குள் தண்டவாளத்தில் தண்ணீர் ஏறி ரயிலும் நின்றுவிட்டது. மேசையில் தலை வைத்துத் தூங்கி, எழுந்து, ஞாயிற்றுக்கிழமை காலையிலும் நானே போன் எடுத்துக்கொண்டிருந்தேன்.

அந்தக் காலை எனக்கு முழுதாக நினைவில் இல்லை. ஜன்னல் கண்ணாடிக்கு வெளியே உலகமே கரைந்து ஓடிக்கொண்டிருந்தது. ஒவ்வொரு குரலும் தண்ணீருக்குள்ளிருந்து வருவது போல இருந்தது. ஊர் பெயர், ஏரி பெயர், நிலைமை, தகவல் தருபவர் என்று நோட்டில் கட்டம் கட்டமாக எழுதிக்கொண்டே போனேன். எழுதினேனே தவிர அனுப்ப ஆள் இல்லை. மணல் மூட்டை போட ஒரே ஒரு குழு, ஒரு ஜேசிபி. அதுவும் நெடுஞ்சாலைக்குப் பக்கத்து ஏரிக்குப் போய்விட்டது. போன் மறுபடி அடித்தது.

“மேடம், ஏரி தகவல் சொல்லணுங்க. கரை மட்டத்துக்கு ஒரு அடிதான் பாக்கி. மதகுக்கு வடக்கால கரை வேர்க்குது.”

நான் ஊர் பெயர் கேட்கவில்லை. கரை வேர்க்கிறது என்று அப்படிச் சொல்லக்கூடிய ஆள் எனக்குத் தெரிந்து ஒருவர்தான். கரைக்குள் தண்ணீர் வழி கண்டுபிடித்துவிட்டது, வெளிப்புறம் ஈரம் கசிகிறது என்று அர்த்தம். அந்தத் தெரு என் கண் முன்னால் வந்தது. அதன் கடைசி வீடும் வந்தது. நோட்டின் கட்டத்தில் இருந்ததையே கேட்டேன்.

“தகவல் சொல்றது யாருங்க? பதவி இன்னாங்க?”

“பதவி ஒண்ணும் இல்ல மேடம், ஊர்க்காரன். ஆள் எப்ப வரும்?”

“பதிவு பண்ணிக்கினேங்க. ஒரு கேங்குதான் இருக்கு, வேற ஏரிக்குப் போயிருக்காங்க.”

“சரி, பக்கத்து ஏரி லஸ்கர ஜல்தி அனுப்பச் சொல்லுங்க. கலங்கல்ல மூட்ட இருக்குது, அத எடுத்தாத்தான் கரை நிக்கும். ஊர் ஜனத்துக்கு எடுக்கத் தெரியாது.”

“பக்கத்து ஏரிக்கு லஸ்கர் இல்லீங்க.”

“அதுக்கு அந்தாண்ட ஏரி?”

“அதுக்கும் இல்லீங்க.”

“நம்ம தெக்கால இருக்கற ஏரிக்கு?”

அதற்கும் இல்லை. எனக்கு எப்படித் தெரிந்தது என்று இன்றைக்கும் ஆச்சரியமாக இருக்கிறது. நான் படிக்காமல் அடித்த பட்டியலை என் விரல்கள் ஞாபகம் வைத்திருந்தன. அவர் ஒவ்வொரு ஏரியாகக் கேட்கக் கேட்க, என் வலது கை மேசை மேல் தானாக அசைந்தது.

“சரி மேடம். அப்ப நானே போய் எடுத்துடறேன். எழுதி வெச்சிக்குங்க.”

“அண்ணா, போவாதீங்க! நான்தாண்ணா பேசறேன்” என்று கத்தினேன். போனை வைத்துவிட்டார்.

உடனே என் வீட்டுக்காரரைக் கூப்பிட்டேன். லஸ்கர் கலங்கலுக்குப் போகிறார், அந்த வயசில் அவரைத் தண்ணீரில் இறங்க விடாதீர்கள், வைத்த நீங்களே போய் எடுங்கள் என்றேன். “கடப்பாரை எங்க வெச்ச?” என்று மட்டும் கேட்டார் அவர். சொன்னேன். லைன் அறுந்தது. அதோடு ஊரில் யாருடைய போனும் போகவில்லை.

அதிகாரி நனைந்துபோய் உள்ளே வந்தார். அவர் முன்னால் போய் நின்று, “சார், எங்க ஏரி சார், கீழ ஒரு தெரு இருக்கு சார்” என்றேன். அவர் நோட்டை எடுத்துப் பக்கங்களைப் புரட்டினார். எல்லாப் பக்கத்திலும் ஒரு ஏரி, எல்லா ஏரிக்குக் கீழேயும் ஒரு தெரு. கோபப்படவில்லை, நோட்டை என் பக்கம் திருப்பி வைத்தார். “ஒரு கேங்குதாம்மா. எத வுட்டுட்டு உங்க ஏரிக்கு அனுப்பட்டும்? நீயே சொல்லு” என்றார். நானே என் கையால் எழுதியது அது. எந்த வரியின் மேல் விரல் வைப்பது? அடித்த போனை எடுக்கப் போனேன்.

மத்தியானம் என்று ஒன்று வந்ததே தெரியவில்லை. விளக்கு இல்லை, வெளிச்சமும் இல்லை. ஒரே சாம்பல் நிறம். போனை எடுப்பேன், எழுதுவேன், வைப்பேன். இடையிடையே என் வீட்டுக்காரரும் லஸ்கரும் மங்கலான தண்ணீரில் பக்கத்துப் பக்கத்தில் நடந்து போவதைப் பார்த்தேன். தூங்கினேனா விழித்திருந்தேனா என்று சத்தியமாகத் தெரியாது. வாழ்நாளில் முதல் தடவையாக எனக்குக் கனவு பிடிக்கவில்லை. இந்த இடத்திலேயே, இந்த நாற்காலியிலேயே இருக்க வேண்டும் என்று தொடையைக் கிள்ளிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன்.

மூன்று மணிக்கு மேல் தெரியாத நம்பரிலிருந்து என் வீட்டுக்காரர் பேசினார். திண்டிவனத்திலிருந்து பேசுவதாகச் சொன்னார். அவர் அழுது நான் பார்த்ததில்லை. அன்று கேட்டேன்.

“மூட்ட வர மாட்டேன்ட்டுச்சு. புல்லு வேரு வுட்டுக்கினு கல்லோட கல்லா நிக்குது. நாங்க நடுவுல கடப்பாரையப் போட்டோம். அவரு வந்து, நடுவுல எடுத்தா மொத்தமும் ஒரே தபாவுல வரும், ஆள இழுத்துக்கும், அந்தாண்ட ஓரத்துல இருந்து ஒண்ணொண்ணா எடுத்துக்கினு வாங்கன்னாரு. தெருவுல ஒவ்வொரு வூடா தட்டி, எல்லாரையும் ஸ்கூலுக்கு அனுப்பிட்டுத்தான் வந்தாராம். அந்தாண்ட ஓரத்துக்கு யாரு போறதுன்னு நாங்க நின்னுக்கினு இருந்தோம். அவரு எறங்கிட்டாரு.”

“அவரு எங்க இப்போ?”

“வாரிக்கினு போயிடுச்சு. பாதி மூட்டைய எடுத்த பிறகு வாரிக்கினு போயிடுச்சு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டார். “கெடைச்சிட்டாரு. வாய்க்கால்ல முள்ளுச் செடியில மாட்டிக்கினு இருந்தாரு. உசுரு இருக்குது. காலுதான் ரெண்டு எடத்துல ஒடிஞ்சிடுச்சு. வண்டியில போட்டுக்கினு வந்துட்டோம், முண்டியம்பாக்கம் பெரியாஸ்பத்திரிக்கு அனுப்பறாங்க.”

“கரை?”

“நிக்குது” என்றார்.

அந்தப் புயலில் எங்கள் பக்கம் சில ஏரிகள் உடைந்தன. எங்கள் ஏரி உடையவில்லை. வேர்த்த இடத்தில் மண் சரிந்தது, அவ்வளவுதான். தெருவில் ஒரு ஆட்டுக்குட்டிகூடப் போகவில்லை. வாரக் கடைசியில் சேத விவரம் என் மேசைக்கு வந்தது. எங்கள் ஏரிக்கு எதிரே ‘உடைப்பு ஏதும் இல்லை’ என்று அடித்தேன். அந்த ஒரு வரியை நான்கு தடவை படித்தேன். அன்றைக்கே பழைய பட்டியல் கோப்பையும் தேடி எடுத்து, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை படித்தேன்.

லஸ்கர் ஆஸ்பத்திரியில் இருந்த நாட்களில் என் வீட்டுக்காரர்தான் கூட இருந்தார். சொந்தப் பிள்ளைகூட அப்படிப் பார்த்திருக்க மாட்டான். கேப்பைக் கூழ் கரைத்துக் கொண்டுபோவார், மலஜலம் எடுப்பார். எலும்பு கூடும், ஆனால் மேடு பள்ளத்தில் இனி நடக்க முடியாது என்று டாக்டர் சொல்லியிருந்தார். நான் ரயிலில் முண்டியம்பாக்கத்தில் இறங்கி அவரைப் போய்ப் பார்த்தேன். மன்னிப்புக் கேட்க வேண்டும் என்று போகும் வழியெல்லாம் வார்த்தைகளைக் கட்டிக்கொண்டு போனேன். அவர் என்னைப் பார்த்ததும் முந்திக்கொண்டார்.

“ஏம்மா, உன்ன ஒண்ணு கேக்கணும்னு ரொம்ப நாளா நெனச்சிக்கினு இருந்தேன். அந்த லிஸ்ட்டுல என் போஸ்ட்ட ஏன் எடுத்தாங்கன்னு காரணம் போட்டிருந்தாங்களா?”

என் வீட்டுக்காரர் எழுந்து வெளியே போய்விட்டார். எனக்குப் பொய் சொல்லத் தோன்றியது. சொல்ல வரவில்லை. கோப்பில் அந்தப் பக்கத்தை நகல் எடுத்துப் பையில்தான் வைத்திருந்தேன், எதற்கென்று எனக்கே தெரியாமல். அவருக்குக் கண்ணாடி வெள்ளத்தில் போய்விட்டது. “நீயே படிம்மா” என்றார். படித்தேன்.

“மேற்படி ஏரியில் கடந்த காலங்களில் கரை உடைப்போ, உயிர்ச்சேதமோ, பயிர்ச்சேதமோ ஒருமுறைகூட நிகழவில்லை என்பதால், இப்பணியிடம் தேவையற்றது எனக் கருதப்படுகிறது.”

அவர் கூரையைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார். கோபப்படுவார், திட்டுவார் என்று நான் தலையைக் குனிந்துகொண்டிருந்தேன். அவர் முகம் மெல்ல மெல்ல மலர்ந்தது.

“ஒரு தபாகூட இல்லைன்னா எழுதியிருக்காங்க?”

“ஆமாண்ணா.”

“சர்வீஸ்ல இத்தினி வருஷம் இருந்தேம்மா. நல்லா வேல செஞ்சான்னு ஒரு பேப்பர் எவனும் எழுதிக் குடுக்கல. இதுல எழுதியிருக்காங்க பாரு.” நகலுக்காகக் கையை நீட்டினார். வாங்கி நெஞ்சு மேல் வைத்துக்கொண்டார். பிறகு என்னிடமே திருப்பிக் கொடுத்தார். “இன்னொரு தபா படிம்மா” என்றார்.

இரண்டாவது தடவை என்னால் அதைப் படித்து முடிக்க முடியவில்லை.